வீட்டில் பட்டாசும் வெடிமருந்தும்: குழந்தைகளைக் காக்கப் பெற்றோர் அறிய வேண்டியவை

அறிமுகம்

வெடிக்கக்கூடிய பொருள் வீட்டில் இருக்கும்போது குழந்தைகளை எவ்வாறு காப்பது என்ற கேள்வி, பல நாடுகளில் துப்பாக்கியைக் குறித்தே எழுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் அக்கேள்வி பெரும்பாலும் பட்டாசையும், அதனுள் நிரப்பப்படும் மருந்தையும், திரியையும் குறித்ததாகும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் வட்டாரங்களில் பட்டாசுத் தொழில் பல தலைமுறைகளாக மக்களுக்குச் சோறு போடுகிறது. பழகிய பொருள் என்பதாலேயே அதன் மீதுள்ள அச்சம் குறைந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு உண்டான இப்பழக்கம் குழந்தைகளைக் காப்பதில்லை.

இப்பக்கம், பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கும், பண்டிகைக்குப் பட்டாசு வாங்கி வைக்கும் குடும்பங்களுக்கும், உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ள வீடுகளுக்கும் உரிய பாதுகாப்பு முறைகளையும், விபத்து நேர்ந்தால் முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவற்றையும் விளக்குகிறது.

ஆபத்து எதில் உள்ளது?

பட்டாசு மருந்து என்பது எரியும் பொருளும், எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனைத் தரும் உப்பும் சேர்ந்த கலவையாகும். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியத் தூள், கரி ஆகியவை இதில் முதன்மையானவை. ஆக்சிஜன் கலவைக்குள்ளேயே இருப்பதால், காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்தாலும் தீப்பற்றும். மூடிய டப்பாவில் அழுத்தம் கூடி இன்னும் கடுமையாக வெடிக்கும். எனவே "இறுக்கமாக மூடி வைத்திருக்கிறேன்" என்பது பாதுகாப்பு ஆகாது.

தீப்பற்றுவதற்கு நெருப்பு மட்டுமே தேவை என்பதும் தவறான எண்ணம். பின்வருவனவும் போதுமானவை:

• உராய்வு: மருந்தைத் தேய்த்தல், இடித்தல், உலோகக் கரண்டியால் கிளறுதல்
• அதிர்ச்சி: மேலிருந்து விழுதல், கல்லால் தட்டுதல்
• நிலைமின்சாரம்: நைலான், பாலியெஸ்டர் உடைகளிலிருந்து எழும் சிறு பொறி
• ஈரம்: அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் வேதிவினை தொடங்கித் தானே சூடேறலாம்

மீதமான மருந்துக் கலவையை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்று ஆலைகளில் வலியுறுத்தப்படுவது இதனால்தான். பயிற்சி பெற்ற தொழிலாளர் பணியாற்றும் ஆலைக்கே ஆகாத ஒன்று, குழந்தை உறங்கும் வீட்டிற்கு எவ்வாறு ஆகும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கந்தகத்துடன் குளோரேட் உப்புகள் கலந்த வெடிகலவை மிக எளிதில் வெடிக்கக்கூடியது. அதன் தயாரிப்பையும் வைத்திருப்பையும் இந்திய அரசு 1992ஆம் ஆண்டிலேயே தடை செய்தது.

குழந்தைகள் ஏன் எளிதில் பாதிக்கப்படுகின்றனர்?

• தவழும் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். வெள்ளி நிறத் தூளும் வண்ணத் தாளும் அதற்கு விளையாட்டுப் பொருள்களே.
• மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாற்காலியை இழுத்துப் போட்டுப் பரண் வரை ஏறும். உயரத்தில் வைப்பது மட்டும் போதாது.
• ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தீப்பெட்டியைப் பயன்படுத்தத் தெரியும், பின்விளைவு தெரியாது.
• பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவர் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்து பார்க்க விரும்புவர். நண்பர் முன்னிலையில் துணிச்சல் காட்ட முற்படும் வயதும் இதுவே.

குழந்தையின் தோல் பெரியவரின் தோலைவிட மெல்லியது. அதே சூடு அதிக ஆழத்திற்குச் செல்கிறது. உடல் சிறியதாகையால் நீரிழப்பும் உடல் குளிர்தலும் விரைவில் ஏற்படுகின்றன. பெரியவருக்கு நடுத்தரமான தீக்காயம் குழந்தைக்கு உயிராபத்தாகலாம்.

"தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன், என் பிள்ளை தொடமாட்டான்" என்று பல பெற்றோர் கூறுவதைக் கேட்கிறோம். சொல்லி வைப்பது அவசியம். ஆனால் சொல் பூட்டாகாது.

நேர்ந்தவை கற்பிப்பவை

2021 ஜூன் மாதத்தில் வெம்பக்கோட்டை வட்டம் தாயில்பட்டியில், வீட்டில் பட்டாசு தயாரித்தபோது நேர்ந்த வெடிவிபத்தில் உயிரிழந்தவர்களுள் சிறு குழந்தை ஒன்றும் உண்டு. வீட்டிற்குள் மருந்து இருந்தால், வேலை செய்பவருக்கும் விளையாடும் குழந்தைக்கும் இடையே சுவர் இல்லை.

2021 நவம்பர் 4, தீபாவளி நாளன்று, புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் இருசக்கர வாகனத்தில் நாட்டுப் பட்டாசுகளுடன் சென்றுகொண்டிருந்த தந்தையும் ஏழு வயது மகனும் வெடித்து உயிரிழந்தனர். நெருப்பு வைக்காமலேயே, பயணத்தின் உராய்விலும் சூட்டிலும் பட்டாசு வெடிக்கலாம் என்பதற்கு இது கொடிய சான்று.

2020 ஜூன் மாதத்தில் திருச்சி மாவட்டம் தொட்டியம் பகுதியில், மீன் பிடிக்க வாங்கி வைத்திருந்த நாட்டு வெடியைத் தின்பண்டம் என்று எண்ணிக் கடித்த ஆறு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். பொருளைத் திறந்த இடத்தில் விட்ட சில நிமிடங்களே இதற்குப் போதுமானவையாக இருந்தன.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவச் சென்றவர்களும் பார்க்கச் சென்றவர்களும் ஆவர். வெடிச் சத்தம் கேட்டால் அத்திசையில் ஓடக் கூடாது, விலகியே செல்ல வேண்டும் என்பதை நம் பகுதியிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கற்பிக்க வேண்டும்.

வீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாதவை

பின்வருவனவற்றைப் பாதுகாப்பாக வீட்டில் வைக்கும் முறை என்று எதுவும் இல்லை. பூட்டி வைத்தாலும் இவை வீட்டில் இருக்கக் கூடாது.

• மணிமருந்து, கருமருந்து, எந்த வகை மருந்துக் கலவையும்
• வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் முதலிய மூலப்பொருள்கள்
• மருந்து செலுத்திய குழாய்கள், முடிவுறாத பட்டாசுகள்
• திரிக் கட்டுகள்
• காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காய், மீன் பிடிக்கும் நாட்டு வெடி

உரிமம் இல்லாத இடத்தில் பட்டாசு தயாரிப்பது வெடிபொருள்கள் சட்டம், 1884 மற்றும் வெடிபொருள் விதிகள், 2008 ஆகியவற்றின்படி குற்றமாகும். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை, பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு, வெடிபொருள் போன்ற அபாயகரமான தொழில்களுக்குப் பொருந்தாது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோரையும் இத்தொழிலில் ஈடுபடுத்த 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தடை விதிக்கிறது. "பிள்ளை சும்மா திரிதான் கிள்ளித் தருகிறான்" என்பதும் இதில் அடங்கும்.

கூலிக்காகவே பல குடும்பங்கள் இவ்வேலையை வீட்டிற்குக் கொண்டுவருகின்றன என்பதை அறிவோம். எனினும் ஒரு குழந்தையின் தீக்காயச் சிகிச்சை பல மாதங்கள், சில நேரங்களில் பல ஆண்டுகள் நீடிப்பது. அந்நாள்களில் தாயோ தந்தையோ வேலைக்குச் செல்ல இயலாது. கூலிக் கணக்கில் இதனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆலையிலிருந்து வீடு திரும்பும்போது

• பணி உடையை ஆலையிலேயே மாற்றிக்கொள்ளவும். இயலாவிடில், வீட்டிற்குள் நுழையும் முன் வெளியிலேயே மாற்றவும்.
• கை, முகம், தலைமுடி ஆகியவற்றைக் கழுவிக் குளித்த பின்னரே குழந்தையைத் தூக்கவும், பால் கொடுக்கவும்.
• மருந்துத் தூள் படிந்த உடைகளைக் குழந்தையின் உடைகளுடன் சேர்த்துத் துவைக்கக் கூடாது. அடுப்பருகே உலர்த்தக் கூடாது.
• உணவுத் தூக்கு, தண்ணீர்ப் பாட்டில், பை ஆகியவற்றில் தூள் படிந்துள்ளதா எனப் பார்க்கவும்.
• ஆலையில் கிடைத்த காலி டப்பா, சாக்கு, வாளி ஆகியவற்றை வீட்டுப் பயன்பாட்டிற்குக் கொண்டுவர வேண்டாம்.

பண்டிகைக்கு வாங்கிய பட்டாசைப் பாதுகாத்தல்

1. உரிமம் பெற்ற கடையில், பண்டிகைக்குச் சில நாள்களுக்கு முன்பு மட்டும், தேவையான அளவே வாங்கவும். எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு குறைவு ஆபத்து.
2. பட்டாசு வாங்கச் செல்லும்போது குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்ல வேண்டாம். பெட்டியைப் பெட்ரோல் டேங்க் மீதோ, கால்களுக்கு இடையிலோ வைக்கக் கூடாது.
3. கடையில் தந்த அட்டைப் பெட்டியிலேயே வைக்கவும். பிரித்துக் கொட்டுதல், எஃகு டப்பாவில் அடைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
4. உலர்ந்த, வெயில் படாத இடத்தில் வைக்கவும். சமையலறை, பூஜை அறை, எரிவாயு உருளை, இன்வெர்ட்டர், மின் இணைப்புப் பெட்டி ஆகியவற்றிற்கு அருகில் வேண்டாம்.
5. உறங்கும் அறையிலும், கட்டிலுக்கு அடியிலும், வெளியேறும் வழியிலும், மாடிப்படிக்குக் கீழும் வைக்கக் கூடாது. தீப்பற்றினால் வெளியேற வழி இருக்க வேண்டும்.
6. பூட்டிய அலமாரியில் வைக்கவும். சாவி பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். ஆணியில் தொங்கவிட்ட சாவி பூட்டாத அலமாரிக்குச் சமம்.
7. தீப்பெட்டி, லைட்டர், ஊதுவத்தி ஆகியவற்றைத் தனியாக வேறிடத்தில் வைக்கவும்.
8. பொட்டு வெடி, ரோல் கேப் போன்றவற்றையும் இவ்வாறே வைக்கவும். சிறுவர் கால்சட்டைப் பையில் இவற்றைத் திணித்து ஓடும்போது உராய்ந்து தொடையில் தீக்காயம் ஏற்படுகிறது.

வெடிக்கும் நாளில் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பருத்தி உடை, காலணி, அருகில் ஒரு வாளி நீர் ஆகியவை அவசியம். தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி வரையும், மாலை 7 முதல் 8 மணி வரையும் நேரம் வரையறுக்கப்பட்டு வருகிறது. கம்பி மத்தாப்பு பாதுகாப்பானது என்று கருதிச் சிறு குழந்தையின் கையில் கொடுக்கின்றனர். அதன் எரியும் முனை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். எரிந்து முடிந்த கம்பியை உடனே நீரில் இட வேண்டும்.

மறுநாள் காலை: வெடிக்காத பட்டாசுகள்

தீபாவளிக்கு மறுநாள் சிறுவர்கள் தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கி, அவற்றின் மருந்தைத் தாளில் கொட்டிக் கொளுத்துவது நம் ஊர்களில் பழகிய காட்சி. முகத்திலும் கண்ணிலும் விரல்களிலும் கடுமையான காயம் ஏற்படுத்துவது இவ்விளையாட்டு.

• வெடிக்காத பட்டாசை மீண்டும் கொளுத்தக் கூடாது. குனிந்து பார்க்கக் கூடாது.
• நீண்ட நேரம் காத்திருந்து, சற்றுத் தொலைவிலிருந்து நீர் ஊற்றி, பின் வாளி நீரில் நன்கு ஊறவைத்து அப்புறப்படுத்தவும்.
• குழந்தைகள் எழும் முன் பெரியவர்களே வாசலையும் தெருவையும் பெருக்கிவிட வேண்டும். குப்பையை எரிக்க வேண்டாம்.
• பட்டாசுக் கழிவு கொட்டப்பட்ட இடங்களுக்குக் குழந்தைகளை அனுப்பாதீர்கள்.

துப்பாக்கி உள்ள வீடுகளில்

பயிர்ப் பாதுகாப்பிற்கோ தற்காப்பிற்கோ உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் மூன்று செயல்களைத் தவறாமல் செய்ய வேண்டும்: தோட்டாவை நீக்கிய நிலையில் துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், தோட்டாக்களையும் மருந்தையும் வேறோர் இடத்தில் தனியே பூட்டி வைத்தல், இரு சாவிகளையும் குழந்தைகள் அறியாதவாறு வைத்தல். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருப்பது குற்றம் மட்டுமன்று. பாதுகாப்பு அமைப்பு ஏதுமற்ற அது கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும்.

பூட்டு மற்றொரு வகையிலும் உயிர் காக்கிறது. மனம் உடைந்த வேளையில் வளரிளம் பருவத்தினர் கைக்கு எட்டியதை நாடுகின்றனர். அவ்வேளை பெரும்பாலும் கடந்துவிடக்கூடியது. துப்பாக்கி, வெடிமருந்து, பூச்சிமருந்து, எலி மருந்து ஆகியவை கைக்கு எட்டாதிருந்தால் அவ்வேளையைக் கடக்க வழி கிடைக்கிறது. பிள்ளையின் போக்கில் மாற்றம் கண்டால் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.

பிறர் வீட்டில்

உங்கள் வீட்டில் எதுவும் இல்லாவிடினும், குழந்தை விளையாடச் செல்லும் வீட்டில் இருக்கலாம். விடுமுறைக்குத் தாத்தா வீட்டிற்கோ, அத்தை வீட்டிற்கோ அனுப்பும் முன், "வீட்டில் பட்டாசு, மருந்து ஏதும் இருக்கிறதா? பூட்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். இது குறை கூறுவது ஆகாது. குழந்தைக்கு ஒவ்வாத உணவு எது என்று சொல்லி அனுப்புவதைப் போன்றதே.

விபத்து நேர்ந்தால்: முதலுதவி

தீக்காயம்

1. குழந்தையை அவ்விடத்திலிருந்து அகற்றவும். உடையில் தீப்பற்றியிருந்தால் ஓட விடாமல் தரையில் படுக்க வைத்து உருட்டவும்; நீர் ஊற்றவும், அல்லது கனமான பருத்திப் போர்வையால் மூடி அணைக்கவும்.
2. தோலில் உலர்ந்த தூள் இருந்தால் முதலில் தட்டி அகற்றவும்.
3. காயத்தின் மீது குழாய் நீரை 20 நிமிடங்கள் தொடர்ந்து ஓட விடவும். காயம் ஏற்பட்டு மூன்று மணி நேரம் வரையிலும் இது பயன் தரும். உடலின் பிற பகுதிகளைப் போர்த்திக் குழந்தை குளிர்ந்துவிடாமல் காக்கவும். பெரிய காயமாயின் இதற்காக 108 வாகனத்தைக் காக்க வைக்க வேண்டாம்.
4. வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீக்கம் ஏற்படும் முன் கழற்றவும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது.
5. தூய, உலர்ந்த பருத்தித் துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு விரையவும்.

பனிக்கட்டி, பற்பசை, மாவு, மஞ்சள், மை, எண்ணெய், முட்டை வெள்ளை ஆகிய எதனையும் தடவக் கூடாது. இவை காயத்தின் ஆழத்தை மறைக்கும், தொற்றை உண்டாக்கும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

கண் காயம்

கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது. தூள் மட்டும் பட்டிருந்தால் தூய நீரால் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவவும். கண் கிழிந்திருந்தாலோ, இரத்தம் வந்தாலோ, ஏதேனும் குத்தியிருந்தாலோ கழுவ வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் படாதவாறு மேலே வைத்து ஒட்டி, உடனே கண் மருத்துவரிடம் செல்லவும். சொட்டுமருந்து விடக் கூடாது.

கை, விரல் காயம்

தூய துணியால் அழுத்திப் பிடித்து இரத்தப் போக்கை நிறுத்தவும். துண்டான விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுவரவும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது.

மருந்தை விழுங்கினால்

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைத் துடைத்து, பொருளின் உறையுடன் உடனே மருத்துவமனைக்கு வரவும். பச்சை ஒளி தரும் பேரியம் உப்புகள் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்துக் கைகால் தளர்ச்சியையும் இதயத் துடிப்புக் கோளாறையும் உண்டாக்கும். குளோரேட் உப்புகள் இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலமாகும். குழந்தை தற்போது நலமாகத் தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது.

எப்போது உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டும்?

• காயம் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் (விரல்களுடன் சேர்ந்த உள்ளங்கை உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு)
• முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் காயம் இருந்தால்
• காயம் வெளுத்தோ கருகியோ, வலியின்றியோ இருந்தால்
• குரல் கரகரத்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ
• காது கேளாமை, காதில் இரத்தம், மயக்கம், வாந்தி இருந்தால்
• ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எத்தகைய தீக்காயம் ஏற்பட்டாலும்

சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு உள்ளது. மேல்சிகிச்சை விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் கிடைக்கும்.

உண்மையைக் கூறுங்கள்

வழக்கு வரும் என்ற அச்சத்தில் சில குடும்பங்கள் "அடுப்பில் சுட்டுக்கொண்டது" என்கின்றன. சில குடும்பங்கள் இரவு முழுவதும் வீட்டு வைத்தியம் செய்து மறுநாள் வருகின்றன. தீக்காயம் பட்ட குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்தில் தரப்படும் திரவமே உயிர் காப்பது. வெடிவிபத்து என்று தெரிந்தால்தான் நுரையீரல், காது, கண் ஆகியவற்றையும் மருந்து நச்சையும் மருத்துவர் ஆராய முடியும். அடுப்புச் சூடு என்று கூறினால் அவை கவனத்திற்கு வராமல் போகலாம். காவல்துறைக்குத் தகவல் அளிப்பது மருத்துவமனையின் சட்டக் கடமை. ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. உயிர் காக்கும் சிகிச்சையே முதலில் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீதமான பட்டாசை அடுத்த ஆண்டுக்கு வைக்கலாமா?
வேண்டாம். ஈரம் ஏறிய பட்டாசு எவ்வாறு எரியும் என்று கணிக்க இயலாது. நீரில் ஊறவைத்து அப்புறப்படுத்தவும்.

நமத்துப்போன பட்டாசை வெயிலில் காயவைக்கலாமா?
கூடாது. வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைப்பது வெடிவிபத்திற்கு வழிவகுக்கும்.

பக்கத்து வீட்டில் மருந்து வைத்து வேலை செய்கின்றனர். என்ன செய்வது?
அவ்வீட்டிற்குக் குழந்தைகளை அனுப்ப வேண்டாம். காவல்துறைக்கோ மாவட்ட நிர்வாகத்திற்கோ தெரிவிக்கவும். அவ்வேலையில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டால் 1098 எண்ணை அழைக்கவும். உங்கள் சுவரும் அவர்கள் சுவரும் ஒன்றாக இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளவும்.

காயம் ஆறிய பின் ஏன் மீண்டும் வரச் சொல்கின்றனர்?
வளரும் குழந்தையின் தழும்பு சுருங்கி விரல்களையும் மூட்டுகளையும் இழுத்துவிடும். உடற்பயிற்சி, சிம்பு, அழுத்த உடை ஆகியவற்றால் இதனைக் குறைக்கலாம். பள்ளி செல்லத் தயங்கும் குழந்தைக்கு மனநல ஆலோசனையும் சிகிச்சையின் பகுதியே.

அவசர எண்கள்

• ஆம்புலன்ஸ்: 108
• தீயணைப்பு: 101
• அனைத்து அவசர உதவி: 112
• மருத்துவ ஆலோசனை: 104
• குழந்தைகள் உதவி: 1098
• மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416

இன்றிரவு உறங்கும் முன் ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பரண், கட்டிலடி, மாடிப்படிக் கீழ், சைக்கிள் கூடை, பணிப் பை ஆகியவற்றைச் சோதியுங்கள். இருக்கக் கூடாதது இருந்தால் நீங்களே அதைப் பிரிக்கவோ எரிக்கவோ முயல வேண்டாம். குழந்தைகளை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.